படிக்கட்டுக்கு எத்தனை புள்ளி

பதினொரு படி, ஒரு திருப்பம், பத்துப் படி, அதோடு முதல் மாடி. மறுபடி பதினொன்று, ஒரு திருப்பம், பத்து, அதோடு இரண்டாவது மாடி. ஆகமொத்தம் நாற்பத்திரண்டு. கட்டின கொத்தனாரைக் கேட்டால்கூட இவ்வளவு சுத்தமாகச் சொல்ல மாட்டார். உலகம்மை சொல்வாள், ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒவ்வொன்றாக எண்ணி ஏறுகிறவள் அவள்தானே. கீழ்ப்படியில் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு மணி பார்த்தாள். மூன்று முப்பத்தெட்டு. நாலு மணிக்கு மேசையில் இருக்கிறவர்களுக்குத்தான் கை தூக்கும் உரிமை, ஒரு நிமிஷம் பிந்தினாலும் கிடையாது, அது இந்தக் குழுவின் வழக்கம். எப்போதும் மூன்று மணிக்கே வந்துவிடுகிறவள். இன்றைக்கென்று அந்த பஸ்காரன், ஊன்றுகோலோடு ஒருத்தி நிற்பது கண்ணில் பட்டதும் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்தினான், ஓடி வந்து பிடிப்பாள் என்று நினைத்தானோ என்னவோ, அவள் கிட்டே போவதற்குள் கிளப்பிக்கொண்டும் போய்விட்டான். அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றாள். போகட்டும். இருபத்திரண்டு நிமிஷம் இருக்கிறது, ஏறுவதற்குப் பதினைந்து போதும். தோளில் மஞ்சப்பை கனக்கிறதென்றால் கனக்கட்டும், இந்த வாரம் பகடைப் பையைச் சுமக்கும் முறை அவளுடையது. இடது கால் முதலில் மேலே. அப்புறம் இரும்புச் சட்டம் மாட்டிய வலது கால், இழுத்து, பக்கத்தில் வைத்து. ஒன்று.

இரண்டு, மூன்று. கம்பி கையில் சுடுகிறது. பாளையங்கோட்டை வெயில் ஜன்னல் வழியாகப் புகுந்து கைப்பிடிக் கம்பியில் வந்து உட்கார்ந்துகொள்ளும், சித்திரையில் தொடவே முடியாது, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு பிடிக்க வேண்டும். மேலே நாலு பேர் முறுக்கைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். இது என்ன ஆட்டம் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. சீட்டும் இல்லை, தாயமும் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு அதிமனிதராக மாறிக்கொள்ள வேண்டும், ஒருத்தர் கதையைச் சொல்லிக்கொண்டே போவார், மற்றவர்கள் நான் பறக்கிறேன், நான் சுவரை உடைக்கிறேன் என்பார்கள், முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். முப்பத்தெட்டு வயசில் உனக்கு இது என்னத்துக்கு என்று அம்மா இன்றைக்கும் கேட்டாள். கதை சொல்கிறவர் ஜோயல் சார், பாலிடெக்னிக் வாத்தியார், ஆட்டத்தின் மூலப் புத்தகத்தைத் தமிழில் எழுதினவரும் அவர்தான். அதில் இல்லாத, வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளலாம் என்கிற விருப்ப விதிகளை மட்டும் திரட்டி ஒரு துணைப் புத்தகம் நாளைக்கு அச்சுக்குப் போகிறது. மொத்தம் பத்தொன்பது விதி. பதினெட்டுக்குப் போன வாரமே கை தூக்கியாயிற்று. பத்தொன்பதாவது உலகம்மை எழுதியது. ஜோயலும் அவருடைய சித்தி மகன் ஸ்டான்லியும் அதற்குத் தூக்க மாட்டார்கள். சாகுலும் அமுதினியும் தூக்குவார்கள். சமமாகப் போனால் விதி விழுந்தது என்று அர்த்தம். ஐந்தாவது கை இப்போது ஒன்பதாம் படியில் சூடான கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

பத்து, பதினொன்று, திருப்பம். மூச்சு வாங்கலாம், ஆனால் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு நிமிஷம் போய்விடும். முதல் நாளும் இங்கே நின்றுதான் மூச்சு வாங்கினாள். அன்றைக்கு அவளிடம் மூலப் புத்தகத்தைக் கொடுத்து, உங்கள் அதிமனிதரை நீங்களே உருவாக்குங்கள் என்றார்கள். நூறு புள்ளி தருவார்கள், அதை வைத்து வல்லமைகளை வாங்க வேண்டும். போதவில்லையென்றால் எட்டாம் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதிலிருந்து குறை எடுத்துக்கொள்ளலாம், குறைக்குத் தக்கபடி கூடுதல் புள்ளி. ஒரு கண் இல்லையென்றால் பத்து. பேச்சு வராதென்றால் பன்னிரண்டு. ஒரு கால் ஊனமென்றால் பதினைந்து. சாகுல் அப்போது கல்லூரிப் பையன், எனக்கு ஒரு கால் வேண்டாம் சார், பதினைந்தை எடுத்து நெருப்புக் கண் வாங்கிக்கிடுதேன் என்று சொன்னான், எல்லாரும் சிரித்தார்கள், சிரித்து முடிக்கும்போது எல்லாருடைய கண்ணும் ஒரே சமயத்தில் மேசைக்கு அடியில் அவள் காலுக்குப் போய்த் திரும்பியது. தப்பா எடுத்துக்காதீங்க, வெறும் புள்ளிதான் என்றார் ஜோயல். அவள் தப்பாகவெல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை. பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் நினைத்துப் பார்த்தாள், சரி, கால் ஊனமென்றால் பதினைந்து புள்ளி, அப்படியென்றால் இரண்டு வயசில் காய்ச்சல் வந்து போனபோது எனக்கு வந்திருக்க வேண்டிய பதினைந்தை எவன் எடுத்துக்கொண்டு போனான், எந்த நெருப்புக் கண்ணை வாங்கினான். அதை நினைத்து வண்ணாரப்பேட்டை வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டு போனாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது, கோபம் நிற்கவில்லை. பதினாறு, பதினேழு. எல்லாரும் அவள் பறக்கிற பெண்ணாகத்தான் வருவாள் என்று எதிர்பார்த்தார்கள், பாவம், நடக்க முடியாதவள் பறக்கத்தானே ஆசைப்படுவாள். அவள் நங்கூரியைப் படைத்தாள். நங்கூரிக்கு ஒரே ஒரு வல்லமை, நிற்கிற இடத்திலிருந்து அவளை யாராலும் நகர்த்த முடியாது. நூறு புள்ளியையும் அந்த ஒன்றிலேயே போட்டாள். குறை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

இருபத்தொன்று. முதல் மாடி, தட்டச்சுப் பயிலகம், ஞாயிற்றுக்கிழமைப் பூட்டு. மணி மூன்று நாற்பத்தைந்து. இத்தோடு கம்பி முடிந்தது, இதற்கு மேலே போகிறவர்களுக்குக் கம்பி தேவைப்படாது என்று கட்டின மகராசன் முடிவு செய்துவிட்டான், மேலே வெறும் சுவர்தான், உள்ளங்கையை அழுத்தினால் சுண்ணாம்பு ஒட்டிக்கொள்ளும். ஆறு வருஷத்தில் இந்தச் சுவரில் பாதியை அவள் வீட்டுக்குக் கொண்டு போயிருப்பாள். இந்தச் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றபோதுதான் விதி தோன்றியது. போன ஆடி மாசம், இருபத்தாறாம் படியில். குறை என்று எதை எழுதுகிறார்கள், காலை எழுதுகிறார்கள். கால் வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. அச்சுக்கோப்பு நிலையத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறாளே, அங்கே காலால் ஒரு குறையும் இல்லை. இங்கே வந்தால் மட்டும் குறை வந்துவிடுகிறது. அப்படியானால் குறை இங்கேதானே இருக்கிறது. அன்றைக்கு ராத்திரியே எழுதினாள். இடக்குறை விதி: ஒவ்வோர் இடத்துக்கும் கதை சொல்கிறவர் முன்கூட்டியே அந்த இடத்தின் குறையை எண்ணாகக் குறித்துவிட வேண்டும். படி, இருட்டு, கூச்சல், குறுகின வாசல், எதுவானாலும் ஒன்றிலிருந்து பத்துக்குள். அந்த இடத்தில் ஓர் அதிமனிதர் தடுமாறினால் அத்தனை பகடை அவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும், ஏனென்றால் தடுமாற வைத்தது இடம். ஆளுக்குப் புள்ளியும் கிடையாது, பாவமும் கிடையாது. ஒரே ஒரு தரம் சோதித்துப் பார்த்தார்கள். ஜோயல் சார் ஆசை ஆசையாக வில்லனுக்கு எழுபது படி வைத்துக் கோட்டை கட்டியிருந்தார், அந்தப் படிகளே கோட்டைக்கு வினையாகி, நங்கூரி முதல் படியில் நின்றுகொண்டே பத்துப் பகடையை உருட்டிக் கோட்டையைச் சரித்தாள். ஆறு வருஷத்தில் அவர் தோற்றது அன்றைக்கு மட்டும்தான். ஆட்டத்தோட சமநிலை போயிரும் என்று அப்போது ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை.

இருபத்தைந்து. இருபத்தாறு. அது கூடப் பரவாயில்லை. தோற்றவருக்குக் கோபம் வரும், வரட்டும். துணைப் புத்தகத்தைப் பக்கம் அமைக்கிறவள் அவள்தான், போன வாரம் அவர் திருத்தம் போட்டு அனுப்பிய தாள்களைப் பார்த்தாள், ஒருவேளை விதி தேறினால் இப்படிப் போடலாம் என்று கடைசிப் பக்கத்தில் சின்னதாக ஒரு கட்டம் வரைந்து, இடக்குறை விதி என்ற தலைப்பை அடித்துவிட்டுச் சிவப்பில் எழுதியிருந்தார், மாற்றுத்திறனாளிச் சலுகை. அவருக்கு அது மரியாதையான சொல். மெனக்கெட்டு நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தார். சலுகை. பேருந்தில் சலுகை, வரிசையில் சலுகை, முகாமில் இரும்புச் சட்டம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்களே அது சலுகை, பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளையின் தம்பிக்கு வேலை வாங்கித் தந்தால் பார்க்கலாம் என்றார்களே அதுகூட அவர்கள் கணக்கில் சலுகைதான். பெரிய மனசு பண்ணிக் கொடுப்பது, மனசு சரியில்லாத அன்றைக்கு எடுத்துக்கொள்வது. விதி அப்படி இல்லை. விதியை எழுதினவனும் விதிக்குக் கட்டுப்பட வேண்டும். முப்பது. கோப்பு அவள் கணினியில்தான் இருக்கிறது. சத்தமில்லாமல் தலைப்பைப் பழையபடி மாற்றி, கட்டத்தை எடுத்துவிட்டு, நாலாம் பக்கத்தில் முழுசாகப் போட்டு அச்சுக்கு அனுப்பினால் புத்தகம் கைக்கு வரும்வரை ஒருத்தருக்கும் தெரியாது. முந்தாநாள் மத்தியானம் மாற்றியும் பார்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அவளே திருப்பி மாற்றிவிட்டாள். களவாக நுழைத்தது விதியாகாது, நாலு பேர் பார்க்கக் கை தூக்கி வர வேண்டும், அதற்காகத்தான் இந்த ஏற்றம்.

முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, திருப்பம், சட்டென்று தொடைக்குப் பின்னால் ஏதோ விட்டுப் போனது. சத்தம் கூடப் பெரிதாக இல்லை. தோல் வார் அறுந்துவிட்டது, வாரம் முழுக்க மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்த வார், இரும்புச் சட்டம் காலை விட்டு நழுவி வெளிப்பக்கமாகச் சாய, முழங்கால் மடங்க, அவள் சுவரோடு சுவராகச் சரிந்து திருப்பத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஊன்றுகோல் உருண்டு ஆறு படி கீழே போய் நின்றது. பக்கத்தில் பயிலகத்தின் உடைந்த நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. மூன்று ஐம்பத்தொன்று. மேலே பத்துப் படி. ஐந்தாறு வயசுப் பிள்ளையாக இருந்தபோது உட்கார்ந்தபடியே பின்பக்கமாகக் கையூன்றி ஒவ்வொரு படியாக ஏறுவாளே, அப்படி ஏறலாம். ஏறினால் அந்த மேசைக்கு முன்னால் தரையில் போய்ச் சேருவாள், நாலு பேரும் எழுந்து நிற்பார்கள், அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த முகங்களைப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் பார்த்தாயிற்று. தேர்வறை மாடியில் போட்டுவிட்டார்கள். உடற்பயிற்சி வாத்தியார் கேட்கவும் இல்லை கொள்ளவும் இல்லை, மணியடித்துவிட்டது என்று அவளை அரிசி மூட்டை மாதிரி அலாக்காகத் தூக்கிக்கொண்டு ஏறினார், பாவாடை ஒரு பக்கம், பேனா ஒரு பக்கம், வராந்தாவில் நின்ற பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்கள். வாத்தியாருக்குத்தான் தட்டினார்கள். அந்தத் தேர்வில் பள்ளிக்கூடத்திலேயே மூன்றாவதாக வந்தாள், அதற்கு ஒருத்தரும் தட்டவில்லை. அவள் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. விழுந்ததால் இல்லை, யாராவது வந்து தூக்கிவிடுவார்களோ என்று பயந்துதான் நடுங்கியது. இருபத்திரண்டு வருஷம் ஆகியும் அந்தப் பயம் அக்குளுக்கு அடியில் அப்படியே இருக்கிறது.

ஊன்றுகோல் உருண்ட சத்தம் மேலே கேட்டிருக்க வேண்டும். நாற்காலிகள் தேய்ந்தன, படி முகப்பில் தலைகள் தெரிந்தன. சாகுல் இரண்டே எட்டில் பாதி இறங்கிவிட்டான். அவன் இப்போது கல்லூரிப் பையன் இல்லை, கல்யாணமாகிப் பிள்ளைகூடப் பிறந்துவிட்டது, அவளைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிப் போனது.

"அக்கா, அடி பட்டுச்சா? நான் தூக்கிரவா?"

வேண்டாம் என்றாள். வார்தான் அறுந்தது, ஆளுக்கு ஒன்றும் இல்லை என்றாள். குரல் நன்றாகத்தான் வந்தது, அவளுக்கே ஆச்சரியம். அமுதினி தண்ணீர் போத்தலோடு எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஸ்டான்லி மணி பார்த்தான், பார்த்ததை மறைக்கவும் பார்த்தான். ஜோயல் சார் மேல்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் அவரிடம் உள்ள சங்கடம், கெட்டவராக இருந்தால் எப்போதோ சண்டை போட்டு முடித்திருக்கலாம். அவர் யோசித்தார், முகம் தெளிந்தது, ஒரு நல்ல காரியம் செய்யப் போகிறவரின் தெளிவு அது.

"உலகம்மை, நீங்க கஷ்டப்பட வேண்டாம். அங்கன இருந்தே கையத் தூக்குங்க, நான் எண்ணிக்கிடுதேன். மேசைக்கு வரலன்னாலும் பரவால்ல, இந்த ஒரு தடவ சலுகையா வச்சுக்கிடுவோம்."

அவ்வளவுதான். ஐந்தாவது கை கிடைத்துவிட்டது. வாயைத் திறக்காமல் கையைத் தூக்கினால் போதும், விதி தேறிவிடும், புத்தகத்தில் வந்துவிடும், சலுகையில் வந்த விதி, சலுகை என்ற தலைப்போடு. அடுத்த மாசம் ஸ்டான்லி சொல்வான், அன்றைக்கு அவர் பெரிய மனசு பண்ணினார். சொல்லாவிட்டாலும் நினைப்பான். கை வலிக்கிறது, உள்ளங்கை முழுக்கச் சுண்ணாம்பு, தூக்கு, தூக்கிவிடு, எதற்கு இந்த வீம்பு, அம்மா சொல்வதுபோல வீம்பு பிடித்த கழுதை, இத்தனை வருஷம் கிடைத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளவில்லையா, இரும்புச் சட்டத்தை வாங்கிக்கொண்டு போட்டோவுக்குச் சிரிக்கவில்லையா. சிரித்தேன். பதினான்கு வயசில் சிரித்தேன். மடியில் மஞ்சப்பை கிடக்கிறது. விழும்போதுகூட அதை விடவில்லை போலிருக்கிறது. உள்ளே இருக்கிற பகடைகள் நாலு முகம், எட்டு முகம், இருபது முகம், துணிக்கு மேலேயே ஒவ்வொன்றாகத் தடவித் தெரிந்துகொள்ளலாம், வாயை ஒரு பழைய ஷூ லேஸால் கட்டியிருக்கிறது. லேஸ் கட்டியது ஜோயல் சார்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே மின்சாரம் இல்லை, புழுக்கம் தாங்காமல் எல்லாரும் பூங்காவுக்குப் போய்ப் புல்லில் உட்கார்ந்து ஆடி, அங்கேயே கையும் தூக்கி முடித்தார்கள். ஸ்டான்லி பிந்தி வந்து, பூட்டின அறை வாசலில் நின்றுவிட்டுப் போய், மறுவாரம் நான் மேசைக்கு வந்தேன் நீங்கதான் இல்ல, என் கையையும் எண்ணணும் என்று சண்டைக்கு நின்றான். ஜோயல் விட்டுக்கொடுக்கவில்லை. சித்தி மகன் என்றும் பார்க்கவில்லை. மேசை என்றால் எது என்பதை மறுபதிப்பில் முதல் விதியாகவே சேர்த்துவிட்டார். அந்தப் பக்கத்தையும் அமைத்தது அவள்தான், பதினான்கு புள்ளி எழுத்தில், தடித்து, பக்கத்துக்கு நடுவில்.

நடுக்கம் நின்றுவிட்டிருந்தது. உலகம்மை சுவரில் முதுகைச் சாய்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள், சட்டத்தைக் கழற்றி உடைந்த நாற்காலிகளோடு சாய்த்து வைத்தாள், கால் இரண்டையும் நீட்டினாள். பையின் லேஸை அவிழ்த்தாள். எல்லாப் பகடைகளையும் திருப்பத்துத் தரையில் கொட்டினாள். வெயில் அவற்றின்மேல் விழுந்தது, இருபது முகத்துப் பகடை ஒன்று கொஞ்ச தூரம் ஓடிச் சுவரில் முட்டி நின்றது.

"சலுகை வேண்டாம், சார். பகடைப் பை அவிழ்கிற இடம்தான் மேசை, ஒங்க புத்தகத்துல முதல் விதி. அவுத்துட்டேன்." கைப்பேசியைப் பார்த்தாள். "நாலு மணிக்கு இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. மேசைக்கு வர்றவங்க வரலாம்."

கீழே தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். சொல்லிவிட்டோமே என்று ஒரு கணம் தோன்றியது. அவர்கள் வராமல் போனால், மேலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டுக் கை தூக்கி முடித்துவிட்டால், பகடையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிற பைத்தியக்காரியாக அவள் மட்டும் மிஞ்சுவாள். மிஞ்சினால் மிஞ்சட்டும். இந்த இடத்தை விட்டு அவள் நகரப் போவதில்லை. முதலில் சாகுல், நின்ற படியிலிருந்து இறங்கி, அவளைத் தாண்டிக் கீழே போய் ஊன்றுகோலை எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அமுதினி முறுக்குத் தட்டோடு இறங்கி வந்து ஒட்டி உட்கார்ந்து, கொஞ்சம் தள்ளுங்கக்கா என்றாள். ஸ்டான்லி ஜோயலைப் பார்த்தான், ஜோயல் பகடைகளைப் பார்த்தார். தான் எழுதின விதியை அடித்துப் பேச அவருக்கு வாய் வராது என்று உலகம்மைக்குத் தெரியும், அவரிடம் அவளுக்குப் பிடித்ததே அதுதான். மூன்று ஐம்பத்தொன்பதுக்கு அவர் இறங்க ஆரம்பித்தார். கம்பி இல்லாததால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, பத்துப் படியையும் இறங்கி வந்தார். பின்னாலேயே ஸ்டான்லியும் வந்தான். திருப்பத்தில் இடம் இல்லை, இருவரும் மேலே ஒரு படியில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள், ஜோயலின் முழங்கால் அவர் மார்பு வரைக்கும் வந்தது.

பத்தொன்பதாவது விதி, இடக்குறை விதி, அந்தப் பேரிலேயே, என்று உலகம்மை சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள். சாகுல் தூக்கினான், அமுதினி தூக்கினாள். மூன்று. ஸ்டான்லி தூக்கவில்லை. ஜோயலும் தூக்கவில்லை. உள்ளங்கையில் ஒட்டின சுண்ணாம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், வேட்டியில் துடைத்துவிட்டு, கக்கத்தில் இடுக்கியிருந்த ஆட்ட நோட்டை மடியில் விரித்தார். இன்றைய ஆட்டம் நடக்கிற இடம் என்ற வரியில் பென்சிலை வைத்தார்.

"இந்தப் படிக்கட்டுக்கு எத்தன போடணும்?"

"நாப்பத்திரெண்டு."

"பத்துக்கு மேல கூடாதுன்னு நீங்கதான எழுதிருக்கீங்க."

ஆமாம், அவள்தான் எழுதினாள். எழுதினவளும் கட்டுப்பட வேண்டும். திருப்பத்துக்கு மேலே இருந்த பத்துப் படியையும் உலகம்மை அண்ணாந்து பார்த்தாள்.

"அப்ப பத்தே போடுங்க, சார். மிச்சம் முப்பத்திரெண்ட நான் ஏறியாச்சு."

ஜோயல் பத்து என்று எழுதினார். அவள் பகடையைக் கையில் எடுத்தாள்.